பெருந்தொற்றுக் காலத்தில் வேலைக்குப் போகாத நாட்கள் யார் கணக்கில் சேரும்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்யும் உங்கள் தம்பிக்கு 2021 மே மாதம் கொரோனா தொற்று உறுதியானது. வீட்டுத் தனிமையும் அதற்குப் பின் விடாத அசதியுமாக அவரால் 16 நாட்கள் வேலைக்குப் போக முடியவில்லை. நிறுவனம் அதில் 9 நாட்களை ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொண்டு, மீதி 7 நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஊரடங்கில் தொழிற்சாலை மூடிக்கிடந்த நாட்களில் ஒரு பகுதியையும் விடுப்பாகவே எழுதியிருக்கிறார்கள். அதே வீட்டில் இருந்த உங்களை, உங்களுக்குத் தொற்று இல்லாதபோதும், உங்கள் அலுவலகம் 14 நாட்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த நாட்களைத் தற்செயல் விடுப்பில் கழித்திருக்கிறது. இதெல்லாம் முறைதானா, மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால் என்ன கேட்கலாம் என்று அறிய விரும்புகிறீர்கள்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தனியார் ஊழியருக்கென்று 'பெருந்தொற்று விடுப்பு' என்ற ஒன்றை நாடு முழுவதற்கும் பொதுவான எந்தச் சட்டமும் 2020-இலும் தரவில்லை, அதற்குப் பிறகும் தரவில்லை. இருந்தவை எல்லாம் பழைய சட்டங்கள். அவை நோயைப் பற்றியும், ஓய்வைப் பற்றியும், ஆலை நிற்பதைப் பற்றியும் தனித்தனியே பேசுகின்றன. ஆகவே ஒருவருக்கு என்ன உரிமை என்று பார்க்கும்போது, அவரை வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது யார் என்ற கேள்வியில்தான் தொடங்க வேண்டும். நோய் தடுத்ததா, நிறுவனம் வேண்டாம் என்றதா, அரசு ஊரையே மூடியதா என்பதைப் பொறுத்துச் சட்டமும் மாறும், பணம் தர வேண்டியவரும் மாறுவார். உங்கள் வீட்டில் இந்த மூன்றுமே நடந்திருக்கின்றன. மூன்றையும் உங்கள் நிறுவனங்கள் ஒரே விடுப்புக் கணக்கில் போட்டுக் குழப்பியிருக்கின்றன.

தம்பியின் நோய்க்காலத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கையில் வந்திருக்க வேண்டிய பணம் நழுவிப்போன இடம் அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊழியர், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவார். சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவரிடம் பிடிக்கப்படுகிறது, 3.25 விழுக்காட்டை நிறுவனம் கட்டுகிறது. பலரும் ஈ.எஸ்.ஐ. என்றால் மருந்து, மாத்திரை, கே.கே. நகர் மருத்துவமனை என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் அதற்கு மேல் ஒன்றைத் தருகிறது: நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சராசரி நாள் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. இதற்குத் தனியாகக் கொரோனா என்று எழுதியிருக்க வேண்டிய தேவையே இல்லை. வேலை செய்ய முடியாத உடல்நிலையில் இருக்கிறார் என்று மருத்துவச் சான்று இருந்தால் போதும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு இந்தத் தொகை கிடைக்காது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் அந்தக் கழிவு இல்லை. இரண்டாவது, அச்சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, சம்பளத்தோடு கூடிய விடுப்பில் இருக்கும் நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை கோர முடியாது. அதாவது ஈட்டிய விடுப்பும் ஈ.எஸ்.ஐ. தொகையும் ஒரே நாளுக்கு இரண்டாக வராது, ஏதேனும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நிறுவனம் விடுப்பில் கழித்துவிட்டேன் என்று சொல்லும்போது ஊழியர் நிம்மதியடைவதும், அதனால் ஈ.எஸ்.ஐ. வழி தானாகவே அடைபட்டுப் போவதும் இப்படித்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மாதம் 18,000 என்றால் நாள் சம்பளம் தோராயமாக 600 ரூபாய், அதில் 70 விழுக்காடு 420 ரூபாய். உங்கள் தம்பி முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் தன் விடுப்பை எடுத்துக்கொண்டு, மீதி 14 நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சான்று பெற்றுக் கோரியிருந்தால் அவர் கைக்கு 5,880 ரூபாய் வந்திருக்கும். அவருக்கு நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு, இரண்டு நாள் விடுப்பின் மதிப்பான 1,200 ரூபாயும், நாளொன்றுக்கு 180 வீதம் 2,520 ரூபாயும் சேர்த்து 3,720 ரூபாய் மட்டுமே. நடந்ததோ வேறு. 9 நாள் ஈட்டிய விடுப்பு போனது, அதன் மதிப்பு 5,400. 7 நாள் சம்பளம் போனது, அது 4,200. ஆக 9,600 ரூபாய். குறைந்தது, சம்பளம் பிடிக்கப்பட்ட அந்த 7 நாட்களுக்காவது அவர் ஈ.எஸ்.ஐ.யில் கேட்டிருக்கலாம், ஏனென்றால் 63-ஆம் பிரிவின் தடை சம்பளம் பெற்ற நாட்களுக்குத்தான். நிறுவனம் வேண்டுமென்றே மறைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளப் பட்டியல் போடுபவருக்கு விடுப்பில் கழிப்பது ஒரு நிமிட வேலை, ஈ.எஸ்.ஐ. படிவத்துக்கு அலைவது ஊழியரின் வேலை. அந்தச் சோம்பலின் விலையை ஊழியர் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, ஈட்டிய விடுப்பைக் கணக்கிடும்போது இடையிலும் இரு முனையிலும் வரும் விடுமுறை நாட்களைச் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த 9 நாட்களுக்குள் ஒரு ஞாயிறு இருந்து, அதுவும் விடுப்பாகக் கழிக்கப்பட்டிருந்தால் அது தனிப் பிழை. விடுப்புப் பதிவேட்டில் தேதிவாரியாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே பிரிவு, பொதுவாக 15 நாட்களுக்கு முன்பே விடுப்பு விண்ணப்பம் தர வேண்டும் என்று சொன்னாலும், நோய்க்காக எடுக்கும் விடுப்புக்கு அந்தக் கெடு பொருந்தாது என்றும் விலக்குத் தருகிறது. முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டிக் காய்ச்சலில் கிடந்தவருக்குச் சம்பளம் பிடித்திருந்தால் அதற்கும் சட்ட ஆதாரம் இல்லை.

ஈ.எஸ்.ஐ. பற்றிப் பேசும்போது, 2021-இல் பலரைச் சிக்கவைத்த ஒரு முடிச்சையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன், அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்கால உதவித்தொகை பெற, அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இரண்டாம் அலை உச்சத்துக்கு வந்தது 2021 மே மாதத்தில். அப்படியானால் தகுதியை முடிவு செய்வது 2020 ஏப்ரல்–செப்டம்பர், அதாவது ஆலைகள் மூடிக்கிடந்து, பலருக்குச் சம்பளமே வராத அதே மாதங்கள். முதல் அலையில் வேலையிழந்தவர் இரண்டாம் அலையில் நோயுற்றால் உதவித்தொகையும் கிடையாது என்ற நிலை வந்திருக்கும். இதை உணர்ந்துதான் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் அந்த ஒரு பயன்காலத்துக்கு மட்டும் 78 நாட்களைப் பாதியாக்கி 39 என்று தளர்த்தியது. உங்கள் தம்பிக்கு அந்த ஆறு மாதத்தில் 39 நாட்கள் தேறியிருந்தாலே தகுதி இருந்திருக்கிறது. இந்தத் தளர்வு வந்த செய்தி தொழிற்பேட்டைகளில் எத்தனை அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்பட்டிருக்கும் என்பது எனக்குச் சந்தேகமே.

நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ, பதவி இறக்கவோ, வேறு தண்டனை தரவோ கூடாது என்று அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நாட்களில் தரப்படும் நீக்க அறிவிப்பு செல்லாது. வெறும் ஈட்டிய விடுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் தரும் கவசம் கிடையாது. ஈ.எஸ்.ஐ. வழியில் போவதற்குப் பணத்தைத் தாண்டிய காரணம் இது.

மருத்துவமனை ஊழியர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் சாதகமானது, ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. தனியார் மருத்துவமனையில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் செவிலியரோ, ஆய்வக உதவியாளரோ, வார்டு துப்புரவுப் பணியாளரோ பணியிடத்தில் தொற்றுக்கு ஆளானால், அதைச் சாதாரண நோயாகக் கருத வேண்டியதில்லை. தொற்று அபாயம் மிகுந்த மருத்துவ, ஆய்வக வேலைகளில் வரும் தொற்று நோய்களைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. தொழில்சார் நோய் என்றால் பணியிடக் காயத்துக்குச் சமம். அப்போது கிடைப்பது 70 விழுக்காடு அல்ல, தற்காலிக இயலாமைக்கான 90 விழுக்காடு. 78 நாள் சந்தாக் கணக்கும் அங்கே கேட்கப்படுவதில்லை, 91 நாள் உச்சவரம்பும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே தொற்று வந்தவருக்கும் இது பொருந்தும். வெளியே எங்கேயோ தொற்றியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டுதான். ஆனால் கொரோனா வார்டில் பணி ஒதுக்கப்பட்ட ஷிப்ட் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் அந்த வாதம் நிற்காது.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள், கடை, அலுவலகம், மென்பொருள் நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்பவர்கள் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 25-ஆம் பிரிவு ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய ஓய்வு விடுப்பையும், முதலாண்டிலிருந்தே 12 நாள் நோய் விடுப்பையும், 12 நாள் தற்செயல் விடுப்பையும் தருகிறது. ஓய்வு விடுப்பை மட்டும் 24 நாட்கள் வரை சேர்த்து வைக்கலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு நியமனக் கடிதம்தான் சட்டம். 12 நாள் நோய் விடுப்பு ஓர் ஆண்டுக்குரியது என்பதை நினைவில் வையுங்கள். 10 நாள் தனிமையில் இருந்து மீண்டவருக்கு அந்த ஆண்டின் மீதி மாதங்களுக்கு இரண்டே நாள் மிஞ்சியது. கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் மூச்சுத்திணறலோடு இருந்தவர்களுக்குச் சட்டத்தில் வேறு இடமில்லை. நிறுவனத்தின் நல்லெண்ணத்தையே நம்ப வேண்டியிருந்தது.

இனி உங்கள் சொந்த விவகாரத்துக்கு வருகிறேன். இதில்தான் சட்டத்தின் ஓட்டை பெரிது. நீங்கள் நோயுறவில்லை, ஆகவே நோய் விடுப்பு இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. நீங்களாக விடுப்புக் கேட்கவும் இல்லை. வேலைக்கு வரத் தயாராக இருந்தவரை வர வேண்டாம் என்றது அலுவலகம். 14 நாட்களில் இரண்டு ஞாயிறு போக 12 நாட்கள், அதாவது ஆண்டின் மொத்தத் தற்செயல் விடுப்பையும் ஒரே வீச்சில் தீர்த்துவிட்டார்கள். தற்செயல் விடுப்பு என்பது ஊழியர் தன் நியாயமான தேவைக்காகக் கேட்டு எடுப்பது என்ற அடிப்படையில்தான் 25-ஆம் பிரிவு அமைந்திருக்கிறது. கேட்காதவர் கணக்கில் நிறுவனம் தானாகக் கழித்துக்கொள்ள அது அதிகாரம் தரவில்லை என்பது என் கருத்து. வேலை செய்ய ஆயத்தமாக இருந்தவரை முதலாளி தடுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டியது முதலாளியின் கடமை என்ற பொது நியாயமும் உங்கள் பக்கம் இருக்கிறது. அதே சமயம், அரசின் சுகாதாரத் துறையே உங்கள் வாசலில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டியிருந்தால், தடுத்தது நாங்கள் அல்ல என்று நிறுவனம் சொல்ல முடியும். அந்த நிலையில் யார் பணம் தருவது என்பதற்குத் தமிழ்நாட்டில் தனியார் ஊழியரைப் பொறுத்தவரை தெளிவான விதி இல்லை.

இப்படியொரு விதி எழுத முடியாத ஒன்றல்ல. பிளேக், காலரா, பெரியம்மைக் காலத்து அரசு விதிகளில் இதற்கென்றே ஒரு விடுப்பு இருந்தது. வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருப்பதால் அலுவலகம் வரக் கூடாது என்று உத்தரவிடப்பட்ட அரசு ஊழியருக்கு, மருத்துவ அல்லது பொதுச் சுகாதார அலுவலரின் சான்றின் பேரில் 21 நாட்கள் வரை, அரிதாக 30 நாட்கள் வரை அது தரப்பட்டது. அவருடைய வேறு எந்த விடுப்பிலும் அது கழிக்கப்படவில்லை. ஆக, 'நோயில்லை, ஆனால் வரக் கூடாது' என்ற நிலை தனியானது என்று அன்றைய அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது. அந்தப் புரிதல் தொழிற்சாலைச் சட்டத்துக்குள்ளோ கடைகள் சட்டத்துக்குள்ளோ வராமலே போய்விட்டது.

ஒன்றிய அரசு தன் சொந்த ஊழியர்களுக்கு 2021 ஜூன் 7-ஆம் நாள் பிறப்பித்த உத்தரவைப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அது 2020 மார்ச் 25 முதலே பொருந்தும் என்று முன்தேதியிடப்பட்டது. தொற்று உறுதியான ஊழியருக்கு 20 நாட்கள் வரை விடுப்பு. வீட்டுத் தனிமைக்கு மருத்துவச் சான்று கேட்டு வற்புறுத்தக் கூடாது. பெற்றோருக்கோ தன்னைச் சார்ந்த குடும்பத்தினருக்கோ தொற்று வந்தால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு; அவர்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பாவிட்டால் அதற்கு மேல் வேறு விடுப்பு. தொற்றாளருடன் நேரடித் தொடர்பில் இருந்து வீட்டில் தனிமையில் இருந்தால் 7 நாட்கள் பணியில் இருந்ததாகவே கொள்ளப்படும். கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வீடு மாட்டிக்கொண்டால், அந்த அறிவிப்பு நீங்கும் வரை பணியில் இருந்ததாகவே கணக்கு. நீங்கள் ஒன்றிய அரசு அலுவலகத்தில் இருந்திருந்தால், அந்த 14 நாட்களில் முதல் 7 நாட்களையாவது யாரும் உங்கள் தற்செயல் விடுப்பில் கழித்திருக்க முடியாது.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. அந்த 20 நாட்களுக்குப் பலர் எடுத்தது, அரைச் சம்பள விடுப்பை முழுச் சம்பள விடுப்பாக மாற்றித் தரும் வகை. அதில் ஒரு நாள் எடுத்தால் கணக்கில் இரண்டு நாள் கழியும். ஆண்டுக்குச் சேருவதே 20 அரைச் சம்பள நாட்கள் என்றால், 20 நாள் கொரோனா விடுப்புக்கு இரண்டு ஆண்டுச் சேமிப்பு போய்விடுகிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு வேறு விதமான அடி விழுந்தது: 2020 ஏப்ரலில், நிதி நெருக்கடியைக் காட்டி, ஆண்டுதோறும் ஈட்டிய விடுப்பில் 15 நாட்களைச் சரண் செய்து பணமாகப் பெறும் சலுகை நிறுத்தப்பட்டது. அது திரும்பி வர 2025 அக்டோபர் ஆயிற்று.

ஊரடங்கு நாட்களின் கணக்கு இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. 2020 மார்ச் 20-ஆம் நாளே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம், கொரோனாவால் நிறுவனம் மூடப்பட்டால் ஊழியர்கள் பணியில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும், யாரையும் நீக்கவோ சம்பளத்தைக் குறைக்கவோ கூடாது என்று அறிவுரைக் கடிதம் அனுப்பியது. அது அறிவுரை மட்டுமே. மார்ச் 29-ஆம் நாள் உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் பிறப்பித்ததுதான் உத்தரவு: ஊரடங்கில் மூடப்பட்டிருக்கும் காலத்துக்கு எல்லா முதலாளிகளும் எந்தப் பிடித்தமும் இன்றி உரிய நாளில் சம்பளம் தர வேண்டும். மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில் பல நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஃபிகஸ் பாக்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் 2020 ஜூன் 12-ஆம் நாள் நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவு, அந்த 50 நாள் சம்பளத்தைப் பற்றி முதலாளியும் தொழிலாளரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரிகளை அணுகட்டும், அதுவரை முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. சங்கம் இருந்த இடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. சங்கம் இல்லாத சிறிய பட்டறைகளில் யார் யாரோடு பேசியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த உத்தரவுகள் எதிலும் மூடிய நாட்களை விடுப்பில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி கிடையாது. பிடித்தமின்றிச் சம்பளம் என்று உத்தரவிட்ட பிறகு, ஒரு கையால் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மறு கையால் அதே மதிப்புள்ள விடுப்பை எடுத்துக்கொள்வது அந்த உத்தரவைப் பெயரளவில் மட்டும் நிறைவேற்றுவதாகும். மே 1 அந்த நாட்களுக்குள் வந்தது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தின்படி அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை, எவர் விடுப்பிலும் அதைக் கழிக்க இடமில்லை. உங்கள் தம்பியின் விடுப்புப் பதிவேட்டில் 2020 மே 1 விடுப்பு என்று எழுதப்பட்டிருந்தால், மற்ற நாட்களைப் பற்றி என்ன வாதம் இருந்தாலும் அந்த நாளை மட்டுமாவது அவர்கள் உடனே திருத்த வேண்டும்.

மே 18-க்குப் பிறகும் சென்னையில் முழு வேலை திரும்பவில்லை. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. அப்போது சம்பள உத்தரவு கிடையாது. அந்த நாட்களுக்குத் தொழில் தகராறுகள் சட்டத்தின் லே-ஆஃப் விதிகளைத்தான், அதாவது வேலை தர முடியாமல் ஊழியரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது பற்றிய விதிகளைத்தான் பார்க்க வேண்டும். ஓராண்டு தொடர்ப் பணி முடித்தவருக்கு லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்ததில் பாதி. ஆனால் இது 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்குத்தான். அதைவிடச் சிறிய இடங்களில் ஒன்றுமே கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வழக்கம். அது தவறு. லே-ஆஃப் செய்யும் உரிமை பணி ஒப்பந்தத்திலோ, நிலையாணைகள் எனப்படும் நிறுவனத்தின் பணி விதிகளிலோ இல்லாவிட்டால், முதலாளி முழுச் சம்பளமும் தரக் கடமைப்பட்டவர் என்று 1976-இல் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிறிய நிறுவனத் தொழிலாளருக்குப் பெரிய நிறுவனத் தொழிலாளரைவிட வலுவான வாதம் கிடைக்கும் அபூர்வமான இடம் இது. அரசே மூடச் சொன்ன காலத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

லே-ஆஃப் என்று எழுத்தில் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்குத்தான் அடுத்த ஆண்டு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஈட்டிய விடுப்பு கிடைக்கும். 2020-இல் பலருக்கு 240 தேறவில்லை, அதைக் காட்டி 2021-இல் விடுப்பே இல்லை என்று சொன்ன இடங்கள் உண்டு. ஆனால் ஒப்பந்தப்படியோ நிலையாணைப்படியோ லே-ஆஃப் செய்யப்பட்ட நாட்களை அந்த 240-ஐ எட்டுவதற்கு வேலை நாட்களாகவே எண்ண வேண்டும். அந்த நாட்களுக்கு விடுப்பு சேராது, அவ்வளவுதான். ஒருவர் உண்மையில் 210 நாட்கள் வேலை செய்து, 40 நாட்கள் லே-ஆஃபில் இருந்தார் என்றால் 250 நாட்கள் ஆகித் தகுதி வந்துவிடும். விடுப்பு 210-ஐ 20-ஆல் வகுத்துப் பத்தரை. அரை நாளை முழு நாளாக எடுக்க வேண்டும் என்பதால் 11 நாட்கள். அதே 40 நாட்களைச் சும்மா 'வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் 11-உம் போய்ப் பூஜ்யம். எந்தச் சொல்லைப் பதிவேட்டில் எழுதினார்கள் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர் என்றால், ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால், அவர்கள் வேலை செய்யும் நிறுவனமான முதன்மை முதலாளி தர வேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். வீட்டு வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுநர், தள்ளுவண்டிக்காரர் ஆகியோருக்கு விடுப்பு என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. நலவாரியத்தில் பதிந்திருந்தவர்களுக்கு நிவாரணத் தொகை வந்ததோடு சரி.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள் என்று ஒரு சொல். விடுப்புச் சட்டங்களில் கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன அமெரிக்கா, 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, 500 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களில் இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பைத் தனிச் சட்டமாகவே கொண்டுவந்து, அந்தச் செலவை வரிக்கழிவாக முதலாளிக்குத் திருப்பித் தந்தது. தனிமைப்படுத்தப்பட்டவருக்கும் அது பொருந்தியது. நம் நாட்டில் உத்தரப்பிரதேச அரசு, தொற்றுக்கு ஆளான ஊழியருக்கு 28 நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று உத்தரவிட்டது. செலவை யார் ஏற்பது என்று சொல்லாமல் முதலாளி தலையில் வைத்த உத்தரவு என்றாலும், தனியார் ஊழியரின் உரிமையை நாட்கணக்காகச் சொன்னது என்ற அளவில் அது ஒரு படி மேல்.

இனி வருங்காலம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, மேலே நான் சொன்ன தொழிற்சாலைகள் சட்டம், ஈ.எஸ்.ஐ. சட்டம், தொழில் தகராறுகள் சட்டம் ஆகியவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஈட்டிய விடுப்புக்கான 240 நாள் தகுதி 180 நாளாகக் குறைந்திருக்கிறது. 2020-ஐப் போன்ற ஆண்டில் இந்த ஒரு மாற்றமே பலரைக் காப்பாற்றியிருக்கும். ஈ.எஸ்.ஐ. உதவித்தொகையும் லே-ஆஃப் ஈட்டுத்தொகையும் ஏறக்குறைய பழைய வடிவிலேயே தொடர்கின்றன. பெருந்தொற்று என்ற சொல், அந்த நான்கில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது; ஆனால் ஊழியருக்கு விடுப்புத் தருவதற்காக அல்ல. அப்படிப்பட்ட காலத்தில் வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. சந்தாக்களை மூன்று மாதம் வரை ஒத்திவைக்கவோ குறைக்கவோ அரசுக்கு அதிகாரம் தருவதற்காக. கொரோனாவிலிருந்து சட்டம் கற்றுக்கொண்ட பாடம் இதுவா என்று எனக்கு எரிச்சல் வருவதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே மறுபடி வந்தால், அன்றே செய்ய வேண்டியவை எழுத்து வேலைகள்தான். வர வேண்டாம் என்று மேலாளர் தொலைபேசியில் சொன்னால், 'நீங்கள் வர வேண்டாம் என்றதால் இன்று முதல் வரவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், வீட்டிலிருந்து செய்ய வேலை தந்தாலும் செய்கிறேன்' என்று அதே நாள் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிடுங்கள். நோய் என்றால் பரிசோதனை முடிவின் தேதியோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் சான்றை வாங்கிய பிறகே விடுப்பா, உதவித்தொகையா என்று முடிவு செய்யுங்கள். கையொப்பமிட்ட விடுப்பு விண்ணப்பத்தை அவசரப்பட்டு முன்பே கொடுத்துவிடாதீர்கள். உதவித்தொகை கோரிய நாட்களில் வீட்டிலிருந்து அலுவலக வேலையும் பார்க்கக் கூடாது. வேலை செய்த நாளுக்கு அந்தத் தொகை கிடையாது.

2021-இல் நடந்தவற்றில் இப்போது எது மிஞ்சும் என்று கேட்பீர்கள். ஈ.எஸ்.ஐ. தொகையை 12 மாதங்களுக்குள் கோரியிருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் காப்பீட்டு நீதிமன்றம் தாமதத்தைப் பொறுக்கலாம் என்றாலும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதை நம்பிச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடித்த சம்பளத்துக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது. விடுப்பு இருப்பு மட்டும் வேறு ரகம். ஊழியர் வேலையை விட்டு விலகும்போது மிஞ்சிய ஈட்டிய விடுப்புக்குப் பணம் தர வேண்டும் என்பதால், அந்தக் கணக்கு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் தம்பி 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கான விடுப்புப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளும் மே 1-உம் ஆலை மூடிய நாட்களும் எங்கெங்கே விடுப்பாகக் கழிக்கப்பட்டிருக்கின்றன என்று குறித்து, அந்த நாட்களை இருப்பில் திரும்பச் சேர்க்கும்படி ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி வைக்கட்டும். நிறுவனம் மறுத்தால் தொழிற்சாலைகளுக்கான ஆய்வாளரிடம் அதே நகலோடு மனுக் கொடுக்கலாம்.